யார்க் நகரில் தங்கிவிட்டவர்

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்தின் ஹேர்வுட் மாளிகை பற்றிய உங்கள் கட்டுரையில் ஜான் கார் என்ற பதினெட்டாம் நூற்றாண்டுக் கட்டடக் கலைஞரின் பெயரை முதன்முறையாகப் படித்தேன். லண்டனுக்குப் போகாமல் வடக்கு இங்கிலாந்தின் யார்க்கிலேயே இருந்ததால்தானே அவரை யாருக்கும் தெரியவில்லை? இவ்வளவு திறமை உள்ளவர் ஏன் ஊரைவிட்டுக் கிளம்பவில்லை?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பெயர் மங்கியது உண்மைதான். ஹேர்வுட்டுக்குப் போகிறவர்கள் இன்னொரு கட்டடக் கலைஞரான ராபர்ட் ஆடமின் உள்அலங்காரத்தையே அண்ணாந்து பார்க்கிறார்கள். 1759-இல் அந்த மாளிகையை எழுப்பத் தொடங்கியவர் கார். (அதற்கான செல்வம் கரீபியத் தீவுகளின் கரும்பிலிருந்தும் அடிமைகளின் உழைப்பிலிருந்தும் வந்தது. ஹேர்வுட்டைப் புகழும்போதெல்லாம் இது என்னை உறுத்துகிறது.)

ஆனால் ஊரில் இருந்தது அவருக்குக் குறை என்பதை நான் ஏற்கமாட்டேன். 1723-இல் வேக்ஃபீல்டு அருகே ஹோர்பரியில் கல்தச்சரின் மகனாகப் பிறந்து, தந்தையிடமே தொழில் பழகியவர் அவர். உளி பிடித்த கை அது. யார்க் குதிரைப் பந்தயத் திடலில் 1750-களில் அவர் கட்டிய பார்வையாளர் மாடத்தைக் கண்ட நிலப்பிரபுக்கள், தங்கள் வீடுகளுக்கும் அவரையே தேடினார்கள். வேலை அவர் வாசலுக்கே வந்தது. போர்ச்சுகலின் போர்ட்டோ நகர மருத்துவமனைக்குக்கூட வரைபடம் கேட்டு அவரிடம் வந்தார்கள்! திட்டத்தில் ஒரு பகுதிதான் எழுந்தது. இன்றும் அங்கே நோயாளிகள் படுத்திருக்கிறார்கள்.

எனக்கு அவருடைய மாளிகைகளைவிடப் பாலங்களே நெருக்கமானவை. யார்க்‌ஷயரின் வடக்கு ரைடிங் பகுதிப் பாலங்களுக்கு 1772 முதல் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவர்தான் பொறுப்பு. அதற்கு முந்தைய ஆண்டு பெருவெள்ளம் வடக்கு இங்கிலாந்தின் பாலங்களை அடித்துக்கொண்டு போயிருந்தது. எந்த ஆறு எப்போது சீறும், எந்தக் கரை நெகிழும் என்பதை லண்டனில் உட்கார்ந்து அறிய முடியாது. 1773-இல் கிரீட்டா ஆற்றின்மேல் ஒரே வளைவில் அவர் கட்டிய பாலம் இன்றும் நிற்கிறது. படத்திலாவது அதைப் பாருங்கள். வளைவின் மெலிவு ஒரு கல்தச்சரின் நம்பிக்கை.

யார்க் மக்கள் அவரை இருமுறை மேயராக்கினார்கள். முதுமையில், பிறந்த ஹோர்பரிக்குத் தம் சொந்தப் பணத்தில் ஒரு தேவாலயம் கட்டிக் கொடுத்தார். 1807-இல் அவரை அங்கேயே அடக்கம் செய்தார்கள்.

அன்புடன்.