வெளியே நிறுத்தினால் சிரிக்கும் பையன்

அடிக்கடி வம்பில் மாட்டும் பிள்ளைகளைப் பற்றி ஆசிரியர்களும் பெற்றோரும் கேட்டவற்றுக்கு, பள்ளி ஆலோசகராகப் பல வருடம் வேலை பார்த்தவள் என்ற முறையில் என் பதில்கள்.

எட்டாம் வகுப்பு எடுக்கிறேன். ஒருவன் ஓயாமல் கமெண்ட் அடிக்கிறான். வெளியே நிறுத்தினால் சிரித்துக்கொண்டே போகிறான். என்ன செய்வது மேடம்?

அந்தச் சிரிப்பில்தான் விடை இருக்கிறது டீச்சர். வகுப்பே அவனைப் பார்த்தது, கேட்டது கிடைத்துவிட்டது. அதையே நல்ல வழியில் கொடுங்கள். அமெரிக்கப் பள்ளிகளில் 'செக்-இன், செக்-அவுட்' என்று ஒரு முறை உண்டு. காலையில் மணியடிக்கும் முன் பையன் தனக்குப் பிடித்த பெரியவர் ஒருவரைப் பார்த்து அன்றைய அட்டையை வாங்குவான். ஒவ்வொரு பீரியடும் முடிந்ததும் ஆசிரியர் 0, 1, 2 என்று மதிப்பெண் போட்டு ஒரு வார்த்தை சொல்வார். மாலையில் அதே பெரியவரிடம் கூட்டிப் பார்ப்பார்கள். பெரும்பாலும் 80 சதவீதம்தான் இலக்கு. அட்டை வீட்டுக்குப் போய்க் கையெழுத்தோடு திரும்பும்.

அட்டையில் 'பேசாதே' என்று எழுதாதீர்கள். 'கை தூக்கிவிட்டுப் பேசுவேன்' என்று எழுதுங்கள். பெரியவர் ஆசிரியராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நான் இருந்த ஒரு பள்ளியில் ஒரு பையன் கேட்டது லேப் அண்ணனை. முதலில் எனக்கே நம்பிக்கையில்லை. ஆனால் அந்த அண்ணன் ஒரு நாள்கூடத் தவறவிடவில்லை.

என் மகனுக்கும் இந்த அட்டை கொடுத்தார்கள். மூன்று வாரமாகியும் கணக்கு வகுப்பில் மட்டும் சண்டைதான்.

மற்ற வகுப்பில் சரியாக இருக்கிறான் என்றால், இவன் யாரும் தன்னைப் பார்க்க வேண்டும் என்று செய்யவில்லை அம்மா, கணக்கிலிருந்து தப்பிக்கப் பார்க்கிறான். அவனை வெளியே அனுப்புவது பரிசு கொடுப்பது மாதிரி. வாய்ப்பாடும் கழித்தலும் தெரிகிறதா என்று உட்கார்ந்து பாருங்கள். பல பேருக்கு மூன்றாம் வகுப்பிலேயே பிடி விட்டுப்போயிருக்கும். அந்த ஓட்டையை அடைக்கச் சொல்லுங்கள். அதுவரை, முடியாதபோது நோட்டைக் கிழிக்காமல் 'ரெண்டு நிமிஷம் வேணும் சார்' என்று கேட்கப் பழக்குங்கள். கேட்டால் கொடுக்கவும் வேண்டும்.

அடங்காத பத்துப் பேரை ஒன்றாக உட்கார வைத்து வாரம் ஒரு வகுப்பு எடுக்கலாமா? (தலைமை ஆசிரியர்)

வேண்டாம் சார். அமெரிக்க உளவியலாளர் தாமஸ் டிஷியன் குழுவினர் 1999-இல் எழுதிய கட்டுரை இதைப் பற்றித்தான். இப்படிச் சேர்க்கப்பட்ட பிள்ளைகளில் சிலர் இன்னும் மோசமானார்கள். காரணம், ஒருவன் வீரக்கதை சொல்ல மற்றவர்கள் ரசித்ததுதான். குழு வேண்டுமென்றால் நன்றாகப் பழகும் பிள்ளைகளையும் கலந்து சின்னதாக வையுங்கள்.

ரெண்டு அடி போட்டால் சரியாகிவிடுமே?

கல்வி உரிமைச் சட்டம், 2009, பிரிவு 17: அடியும் கூடாது, மனரீதியான துன்புறுத்தலும் கூடாது. அப்புறம், முதல் கேள்வியில் வந்த பையனுக்கு அடியும் ஒரு மேடைதான்.

அட்டையை எப்போது நிறுத்துவது?

சில வாரம் தொடர்ந்து இலக்கைத் தொட்டால், மதிப்பெண்ணை அவனே போடட்டும். ஆசிரியர் ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். பிறகு வாரம் இரண்டு நாள், அப்புறம் ஒரு நாள். சட்டென்று பிடுங்கினால் பழைய வழிக்கே போவான்.

சத்தமே போடாத ஒரு பெண், இப்போது யாரோடும் பேசுவதில்லை. இதுவும் நடத்தைப் பிரச்சினையா?

நல்லவேளை கேட்டீர்கள். தொந்தரவு தராத பிள்ளை எந்தப் பட்டியலிலும் வராது. அந்தப் பெண்ணுக்கும் காலையில் ஒருவர் வேண்டும், ஆனால் மதிப்பெண் அட்டை வேண்டாம். மாற்றம் திடீரென்று வந்திருந்தால் காத்திருக்காமல் தனியாக, மெதுவாகப் பேசுங்கள். யாரோ துன்புறுத்துகிறார்கள் என்று தெரிந்தால் அன்றைக்கே குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழையுங்கள்.