ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே வரவில்லை: பெங்களூருக்கு பஸ் ஏறும் முன்

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கம் இருக்கிறோம். மகன் பொறியியல் படிக்கிறான். டிசைன் சாஃப்ட்வேர் ஓட்ட, கம்ப்யூட்டரை ரெடிமேடாக வாங்குவதைவிட நாமே பூட்டினால் காசு மிச்சம் என்றான். பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் மூன்று கடைகளில் சாமான் வாங்கி வந்தோம்: ரைசன் 5 7500எஃப் பிராசசர், பி650 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்5 ரேம் இரண்டு, கிராபிக்ஸ் கார்டு. பூட்டி ஸ்விட்ச் போட்டால் ஃபேன் சுற்றுகிறது, மானிட்டரில் ஒன்றும் வரவில்லை. போர்டு ஓரத்தில் மஞ்சள் விளக்கு ஒன்று எரிகிறது. ஒரு நிமிடம் பார்த்துவிட்டு அணைத்து அணைத்துப் போடுகிறோம். கேபினெட்டைத் தொட்டால் கை சுருக்கென்கிறது. கடைக்காரர்கள் ஒருவரை ஒருவர் கை காட்டுகிறார்கள். மகன் சோர்ந்து போய்விட்டான். மொத்தத்தையும் பெங்களூருக்கே எடுத்துப் போய்விடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால், எந்தப் பொருளும் கெட்டுப்போயிருக்க வேண்டிய அவசியமே இல்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் "டெட் போர்டு" என்று சொல்லி என்னிடம் கொண்டுவருவதில் பல, வீட்டு மேசையிலேயே முடிந்திருக்கக்கூடிய வேலைதான். தம்பியிடம் சொல்லுங்கள், அவர் பூட்டியது வீண் போகவில்லை.

முதலில் அந்தச் சுருக். அதைச் சரி செய்யாமல் மற்றதில் கை வைக்காதீர்கள். கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் மின் இரைச்சலை வடிகட்டச் சின்னக் கெப்பாசிட்டர்கள் இருக்கும். அவை ஃபேஸ், நியூட்ரல் இரண்டிலிருந்தும் எர்த்துக்குப் போகின்றன. வீட்டில் எர்த் இல்லையென்றால் அந்தக் கசிவுக்குப் போக்கிடம் இல்லாமல், கேபினெட் தகடு சுமார் 115 வோல்ட்டில் மிதக்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் சுருக்கோடு நின்றுவிடுகிறது. ஆனால் அந்த நிலையில் மானிட்டர் கேபிளைச் செருகினால் போர்ட்டே போய்விடலாம். மூன்று துளை பிளக் பாயிண்ட் இருப்பதாலேயே எர்த் இருக்கிறது என்று நம்பிவிட முடியாது. பழைய வீடுகளில் மேல் துளைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள்: ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 230 வோல்ட் அளவில் காட்ட வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஒன்றிரண்டு வோல்ட்டுக்கு மேல் போகக்கூடாது.

சரி, அடுத்தது மானிட்டர் கேபிள். அது எங்கே செருகியிருக்கிறது? 7500எஃப் என்பதில் அந்த 'எஃப்' இருக்கிறதே, அதற்கு உள்ளே கிராபிக்ஸ் கிடையாது என்று பொருள். மதர்போர்டின் எச்டிஎம்ஐ துளையில் செருகினால் எத்தனை வருடம் காத்திருந்தாலும் படம் வராது. கேபிள் கிராபிக்ஸ் கார்டில்தான் இருக்க வேண்டும். கார்டுக்குத் தனி பவர் கேபிள் உண்டென்றால் அதுவும் மாட்டியிருக்க வேண்டும்.

இப்போது மஞ்சள் விளக்கு. போர்டு ஓரத்தில் நான்கு குட்டி விளக்குகள் வரிசையாக இருக்கும். பக்கத்தில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும். நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதனால் எழுத்தைப் படியுங்கள். பெரும்பாலும் மஞ்சள் என்றால் டிராம், அதாவது ரேம். இங்கேதான் உங்கள் கடிதத்தில் எனக்கு ஒரு வரி கண்ணில் பட்டது: ஒரு நிமிடத்தில் அணைத்துவிடுகிறீர்கள். டிடிஆர்5 ரேமோடு முதன்முறை ஆன் செய்யும்போது, போர்டு ஒவ்வொரு ரேமுக்கும் எந்த வேகம், எந்த வோல்ட்டேஜ் ஒத்துவரும் என்று சோதித்துப் பார்த்துக்கொள்ளும். அதற்குப் பல நிமிடங்கள் பிடிக்கும். அதுவரை திரை கறுப்பாகத்தான் இருக்கும், டிராம் விளக்கும் எரியும், நடுவே தானாக அணைந்து எழுந்தாலும் எழும். பாதியில் நிறுத்தினால் சோதனை மறுபடி முதலிலிருந்து. ஆகவே எர்த்தும் கேபிளும் சரியான பிறகு, ஆன் செய்துவிட்டுக் கால் மணி நேரம் யாரும் தொடாதீர்கள். கரண்ட் போய்ப் போய் வரும் நேரமாக இருந்தால் யுபிஎஸ்ஸில் போடுங்கள்.

அப்படியும் வரவில்லையா? பிளக்கைப் பிடுங்கிவிட்டு ரேமைக் கழற்றுங்கள். ஒரே ஒரு ரேமை, பிராசசரிலிருந்து எண்ணி வரும் இரண்டாவது ஸ்லாட்டில் மட்டும் போடுங்கள். இதற்கு அழுத்தம் வேண்டும். புதிதாகப் பூட்டுகிறவர்கள் விலையை நினைத்துப் பயந்து மெதுவாக வைத்துவிடுகிறார்கள். இரண்டு முனையிலும் கட்டை விரலை வைத்து நேராக அழுத்தினால் போர்டு லேசாக வளைவது தெரியும், அப்புறம் 'டக்' என்று கிளிப் தானே மூடும். அந்தச் சத்தம் வரவில்லையென்றால் ரேம் உட்காரவில்லை. போர்டில் உள்ள வட்ட பேட்டரியையும் கழற்றிச் சில நிமிடம் கழித்துத் திரும்ப வையுங்கள், போர்டை எழுப்பும் அடிப்படை மென்பொருளான பயாஸின் செட்டிங் ஆரம்ப நிலைக்கு வந்துவிடும். பிறகு ஆன் செய்து மறுபடி கால் மணி நேரம். வந்துவிட்டால், இரண்டாவது ரேமை நான்காவது ஸ்லாட்டில் சேருங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது சரி செய்தது என்று தெரியாமலே போகும்.

பிராசசருக்கான எட்டு பின் கேபிளையும் பாருங்கள். அது 4+4 ஆகப் பிரியும். கிராபிக்ஸ் கார்டுக்கானது 6+2 ஆகப் பிரியும். ஒன்றை மற்றதில் திணிக்கக்கூடாது. இன்னொரு கம்ப்யூட்டரிலிருந்து கேபிள் இரவல் வாங்கி எஸ்எம்பிஎஸ்ஸில் மாட்டியிருந்தால் உடனே கழற்றிவிடுங்கள். எஸ்எம்பிஎஸ் பக்கத்து பின் அமைப்பு மாடலுக்கு மாடல் வேறு, பொருள் கருகிவிடும்.

இன்னும் இரண்டு சந்தேகங்கள் பாக்கி. 7500எஃப் வெளிவந்தது 2023 ஜூலையில். பி650 போர்டுகள் 2022 அக்டோபரிலேயே வந்துவிட்டன. உங்களுக்குக் கிடைத்தது பழைய ஸ்டாக் என்றால் அதன் பயாஸுக்கு இந்தப் பிராசசரைத் தெரியாமல் இருக்கலாம். போர்டின் பின்பக்கம் பயாஸ் ஃபிளாஷ் பட்டன் இருந்தால் பென் டிரைவ் மூலம் நீங்களே புதுப்பிக்கலாம். முறை மேனுவலில் இருக்கும். நடுவில் கரண்ட் போகக்கூடாது, அவ்வளவுதான்.

இன்னொன்று, பிராசசர் உட்காரும் சாக்கெட். இந்த வகையில் பின்கள் பிராசசரில் இல்லை, போர்டில் இருக்கின்றன. மொத்தம் 1718, தலைமுடிபோல் மெல்லியவை. ஒன்று சாய்ந்தாலும் ரேம் பாதி தெரியாமல் போகலாம், மொத்தமாக டிராம் விளக்கிலேயே நிற்கலாம். கூலரைக் கழற்றி, பிராசசரை நேராகத் தூக்கி, டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். வரிசை எங்கும் ஒரே மாதிரி மின்ன வேண்டும். ஓரிடத்தில் ஒளி மாறினால் அங்கே பின் வளைந்திருக்கிறது. நீங்கள் நிமிர்த்தப் பார்க்காதீர்கள். திரும்பப் பூட்டும்போது தெர்மல் பேஸ்ட் புதிதாக வைக்க வேண்டும்.

இத்தனைக்கும் மசியவில்லையென்றால்தான் பெங்களூர். ஒரே கடையில் எல்லாம் வாங்கியிருந்தால் அந்தக் கடையே பொறுப்பேற்றிருக்கும்; சில நூறு ரூபாய் வித்தியாசத்துக்காக மூன்று கடைக்குப் பிரித்து வாங்குவதை, வெளியூரிலிருந்து போகிறவர்களுக்கு நான் சிபாரிசு செய்வதே இல்லை. இனி நடக்க வேண்டியது: பின்கள் நேராக இருந்து, ஒவ்வொரு ரேமையும் தனித்தனியாகப் போட்டும் விளக்கு அணையவில்லையென்றால் போர்டு வாங்கிய கடைக்கு முதலில் போங்கள். ஒரு ரேமில் மட்டும் வந்து இன்னொன்றில் வரவில்லையென்றால் ரேம் கடைக்கு. சீரியல் நம்பர் எழுதிய ஜிஎஸ்டி பில்லும், போர்டோடு வந்த சாக்கெட்டின் பிளாஸ்டிக் மூடியும் கையில் இருக்கட்டும். மூடி இல்லாமல் போர்டை வாங்க மறுக்கும் சர்வீஸ் சென்டர்கள் உண்டு. கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி அதன் பெட்டியில் வையுங்கள், பஸ் குலுக்கலில் ஸ்லாட் உடையும். கேபினெட்டைப் போர்டு கீழே இருக்கும்படி படுக்க வைத்து, லக்கேஜ் டிக்கியில் போடாமல் மடியிலோ காலடியிலோ வைத்துக் கொண்டுபோங்கள்.