சரவுண்ட் மிக்ஸில் (சுற்றிலும் ஸ்பீக்கர் வைத்துக் கேட்பதற்கான ஒலிக்கலவை) கேட்டால் பாட்டு ஆல்பம் நன்றாக இருக்குமா?

எல்லா ஆல்பத்துக்கும் இல்லை. வாத்தியங்கள் தனித்தனி டிராக்காகப் பதிவான மூல டேப்பிலிருந்து மிக்ஸ் செய்திருந்தால், ஸ்டீரியோவில் அமுங்கிக் கிடந்த கோரஸும் வயலின்களும் பிரிந்து கேட்கும். ஸ்டீரியோவையே மென்பொருளில் போட்டு ஐந்து ஸ்பீக்கருக்கு இழுத்தது பெரும்பாலும் வேஸ்ட். குரல் குகைக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கும்.

கச்சேரிப் பதிவென்றால் என் கணக்கு வேறு. மியூசிக் அகாடமியில் பாடகர், வயலின், மிருதங்கம் எல்லாம் எதிரே மேடையில்தான். பின்னாலிருந்து கைத்தட்டலும் அரங்கின் எதிரொலியும் வந்தால் போதும். தனி ஆவர்த்தனத்தின்போது மிருதங்கத்தை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் வைப்பதெல்லாம் வெறும் வித்தை.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் 5.1 செட் (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) விலை கேட்குமுன் உங்கள் ஹாலைப் பாருங்கள். சோபா சுவரோடு ஒட்டியிருந்தால் பின் ஸ்பீக்கர் காதோரம் கத்தும். அந்தக் காசுக்கு நல்ல ஸ்டீரியோ ஜோடியே வாங்கிவிடலாம்.