மதியச் சாப்பாட்டைக் கையோடு கட்டிக்கொண்டு போங்கள், தம்பி

பர்கூரிலிருந்து இங்கிலாந்தில் உள்ள லெஸ்டருக்கு வேலைக்கு வந்திருக்கிற தம்பி, மதியம் வெளியே வாங்கிச் சாப்பிட்டுக் கட்டுப்படியாகவில்லை, வீட்டிலிருந்து என்ன கொண்டுபோகலாம் என்று கேட்டிருந்தீர்கள். கூடவே கார், லைசென்ஸ், வீட்டுக்காரம்மாவுக்கு விசா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள். அதையெல்லாம் சொல்ல ஆயிரம் பேர் வருவார்கள். இந்திய லைசென்ஸை வைத்து 12 மாதம் ஓட்டலாம், அதற்குள் இங்கே தேர்வு எழுதி வாங்கிவிடுங்கள், என்னிடம் அவ்வளவுதான். சாப்பாட்டு விஷயத்துக்காகத்தான் எழுதுகிறேன், ஏனென்றால் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு இதை யாரும் ஒழுங்காகச் சொல்வதில்லை.

முதலில் காசு. இங்கே சூப்பர் மார்க்கெட்டில் சாண்ட்விச், ஒரு சின்ன சிப்ஸ் பாக்கெட், ஒரு ஜூஸ் சேர்த்து 'மீல் டீல்' என்று தருவது கிட்டத்தட்ட 4 பவுண்டு. மாதம் 20 நாள் வேலை என்றால் 80 பவுண்டு. நம்ம காசில் ஒன்பதாயிரம் ரூபாய், அதுவும் குளிர்ந்த ரொட்டிக்கு! சாயங்காலம் மூன்று மணிக்கெல்லாம் திரும்பப் பசிக்கும், அப்போது பிஸ்கட் தனி. வீட்டிலிருந்து அரிசிச் சோறும் பொரியலும் கட்டினால் ஒரு வேளைக்கு ஒரு பவுண்டு கூட ஆகாது. முதல் சம்பளம் கைக்கு வரும்வரை உள்ள அந்த நாட்களில் இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். நான் 2008 அக்டோபரில் வந்தேன். அந்த மாதக் கடைசியில் குளிர்காலத்துக்காக இங்கே எல்லாரும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பிவிடுவார்கள், நாலரைக்கே இருட்டிவிடும். நான் இருந்த வீட்டின் உரிமையாளர் ராத்திரி எட்டு மணிக்கு மேல் சமையலறையில் விளக்கே போடக்கூடாது என்பார், மசாலா வாசனை சுவரில் ஏறுகிறதாம். வாடகை மட்டும் ஒரு நாள் தாமதிக்கக் கூடாது. சரி, அவரை விடுங்கள். விடியற்காலையில் எழுந்து சமைக்கிற பழக்கம் அந்த வீட்டில் வந்ததுதான், இன்றைக்கும் விடவில்லை.

இப்போது முக்கியமான எச்சரிக்கை. நாம் ராத்திரி மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் பழையது குடித்து வளர்ந்தவர்கள். அந்தத் தைரியத்தில் இங்கே வருகிற பசங்கள் சோற்றைக் குக்கரோடு அடுப்பு மேலேயே விட்டுவிட்டுத் தூங்கிவிடுகிறார்கள், காலையில் அதை அள்ளிக்கொண்டு போகிறார்கள். செய்யாதீர்கள். அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்று ஒரு கிருமி இருக்கிறது, அதன் வித்துகள் கொதிக்கிற தண்ணீரிலும் சாகாது. சோறு அறையின் சூட்டில் கிடக்கக் கிடக்க அது பெருகி விஷத்தை விடும், அந்த விஷம் மைக்ரோவேவில் எவ்வளவு சுட வைத்தாலும் போகாது. வெளியேதான் குளிர், ஹீட்டர் ஓடுகிற வீட்டுக்குள் நன்றாகவே வெதுவெதுப்பு. இந்த ஊர் உணவுத் துறை சொல்வது இதுதான்: வடித்த சோற்றை ஒரு மணி நேரத்துக்குள் ஆற வைத்து ஃபிரிட்ஜில் வை, 24 மணி நேரத்துக்குள் சாப்பிடு, ஒரு தடவைக்கு மேல் சூடு பண்ணாதே. வாந்தியெடுத்துக்கொண்டு லீவு போட்ட பசங்களை நான் பார்த்திருக்கிறேன். புதிதாகச் சேர்ந்த வேலையில் அது நல்லதில்லை.

ஆறுவதற்குச் சட்டியோடு வைத்தால் ஆகாது. அகலமான தட்டில் மெல்லப் பரப்பி, ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டு, கரண்டிக் காம்பால் கிளறிவிடுங்கள். குளித்துவிட்டு வருவதற்குள் ஆவி அடங்கியிருக்கும். அதற்கு முன்னால் டப்பாவில் போட்டு மூடினால் மூடியின் உட்புறம் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்து, அது சோற்றின் மேல் சொட்டி, மதியம் திறக்கும்போது மேல் அடுக்கு கொழகொழவென்று இருக்கும். டைமர் உள்ள ரைஸ் குக்கர் ஒன்று வாங்கிவிட்டால் ராத்திரி அரிசியும் தண்ணீரும் அளந்து வைத்துவிட்டுப் படுக்கலாம். ஆபீசுக்குப் போனதும் டப்பாவை ஃபிரிட்ஜில் வையுங்கள். அங்கே ஃபிரிட்ஜ் இல்லையென்றால் ஐஸ் பாக்கெட் வைக்கிற பை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

என்ன கட்டுவது என்று கேட்டால் என் பதில் எப்போதும் ஓசூர் பஸ்தான். இங்கே வருவதற்கு முன்னால் ஓசூரில் கேன்டீன் இல்லாத ஒரு சின்னப் பட்டறையில் வேலை பார்த்தேன். பாலக்கோட்டில் இருட்டோடு ஏறினால் ராயக்கோட்டை வரும்போது விடியும், தக்காளிப் பெட்டி ஏற்றிய வண்டிகள் முன்னால் நகரும், பஸ்ஸில் வேலைக்குப் போகிற பெண்கள் எல்லார் மடியிலும் சாப்பாட்டுப் பை இருக்கும். மதியம் சூடு பண்ண ஒன்றும் கிடையாது, சித்திரை வெயிலிலும் ஊசிப் போகக் கூடாது. அவர்கள் வெயில் காலத்தில் தேங்காய் சேர்க்க மாட்டார்கள், வெங்காயத்தைச் சுருள வதக்குவார்கள், குழம்பை விடப் புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும்தான் அதிகம். யாரும் அவர்களுக்குப் பாடம் எடுக்கவில்லை. அந்த அறிவை வைத்துக்கொண்டுதான் நான் இங்கே இத்தனை வருஷம் மதியம் சாப்பிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு புளிக்காய்ச்சல் செய்துவிடுங்கள் (இல்லையென்றால் மிளகாய் தாளிக்கிற புகைக்கு அலாரம் அலறும்). நல்லெண்ணெயில் கடுகு, கடலைப்பருப்பு, வரமிளகாய், பெருங்காயம், கருவேப்பிலை, அப்புறம் கெட்டியாகக் கரைத்த புளி, மஞ்சள், உப்பு. தீயைக் குறைத்து, புளி சுண்டி ஓரத்தில் எண்ணெய் பிரிகிற வரை விடுங்கள். வறுத்த வெந்தயப் பொடி கடைசியில். எண்ணெய் பிரியாமல் இறக்கினால் இரண்டு நாளில் பூசணம் பிடிக்கும், பிரிந்தபின் இறக்கினால் கண்ணாடிப் பாட்டிலில் ஃபிரிட்ஜில் வாரக்கணக்கில் நிற்கும். காலையில் இரண்டு ஸ்பூன் போட்டுப் பிசைந்தால் சாப்பாடு தயார். தொட்டுக்கொள்ள முட்டைக்கோஸ், கேரட், ஃபிரீசர் பீன்ஸ் ஏதாவது பொரியல், இங்கே மலிவானவை அவைதான். களி ஆசை எனக்கும் உண்டு, பெல்கிரேவ் ரோட்டுக் குஜராத்திக் கடைகளில் கேழ்வரகு மாவு கிடைக்கும், ஆனால் களியை டப்பாவில் கட்டாதீர்கள், கல்லாகிவிடும். அதை ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நிலக்கடலை நம்ம புளிச்சோற்றின் உயிர். ஆனால் ஆபீசில் யாருக்காவது கடலை அலர்ஜி இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு போடுங்கள். இங்கே அது விளையாட்டுக் காரியம் இல்லை, சிலருக்கு மூச்சே நின்றுவிடும். அதே மாதிரி ராஜ்மா. உலர்ந்ததை ஊறவைத்து அப்படியே ஸ்லோ குக்கரில் (குறைந்த சூட்டில் மணிக்கணக்கில் வேகவைக்கிற கரண்ட் பாத்திரம்) போடக்கூடாது, அதிலுள்ள நச்சு போக முதலில் 10 நிமிடமாவது கொதகொதவென்று கொதிக்க வேண்டும். டின்னில் வருவது ஏற்கெனவே வெந்தது, பயமில்லை.

நம்மாட்களில் சிலர் ஆபீசில் டப்பாவைத் திறக்கக் கூச்சப்பட்டுக் காருக்குள் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. படித்து, தேர்வாகி, வரி கட்டி வந்திருக்கிறோம், எலுமிச்சைச் சோற்றுக்கு எதற்கு ஒளிவு? மேஜையில் வைத்துச் சாப்பிடுங்கள். கேட்டால் ஒரு ஸ்பூன் கொடுங்கள், என் பக்கத்து சீட் வெள்ளைக்காரர் இன்றைக்கு நல்லெண்ணெய் எங்கே கிடைக்கும் என்று கேட்கிற அளவுக்கு வந்துவிட்டார். அதேசமயம் கருவாட்டையும் மீனையும் பொது மைக்ரோவேவில் வைக்காதீர்கள், அது எல்லாரும் மூச்சு விடுகிற இடம். இன்னொரு கூட்டம் இருக்கிறது, தினம் ஆப்பில் பிரியாணி வரவழைத்துவிட்டு மாதக் கடைசியில் கடன் கேட்கும். அவர்களோடு சேராதீர்கள்.

வீட்டிலிருந்து யாராவது வந்தால் நெய் கொடுத்துவிடச் சொல்லாதீர்கள், இந்தியாவிலிருந்து பால் பொருளோ இறைச்சியோ கொண்டுவர அனுமதி இல்லை, விமான நிலையத்திலேயே எடுத்துக்கொள்வார்கள். அலுமினியக் குக்கரும் வேண்டாம், இண்டக்‌ஷன் அடுப்பாக இருந்தால் சூடே ஏறாது, அடிப்பாகம் இண்டக்‌ஷனுக்கு ஏற்ற ஸ்டீல் குக்கராகப் பார்க்கச் சொல்லுங்கள். கொட்டை எடுத்த புளி இரண்டு கிலோ, பருப்புப் பொடி, கருவேப்பிலைப் பொடி, இவை போதும். அரிசியும் பருப்பும் இங்கேயே பெரிய மூட்டையாக வாங்கினால் லாபம், ரூமில் இருக்கிற மற்ற பசங்களோடு பங்கு போட்டுக்கொள்ளுங்கள்.