பேஸ்மேக்கர் கம்பிகளையும் மாற்ற வேண்டுமா?

கேள்வி: பேஸ்மேக்கர் பொருத்தி 10 ஆண்டுகளாகின்றன. பேட்டரி தீரப்போவதால் கருவியை மாற்றச் சொல்கிறார்கள். இதயத்துக்குள் செல்லும் கம்பிகளையும் மாற்ற வேண்டுமா?

பதில்: பெரும்பாலும் வேண்டியதில்லை. கம்பியின் மின்தடையையும், இதயத்தைத் துடிக்கவைக்கத் தேவைப்படும் குறைந்தபட்ச மின்னழுத்தத்தையும் அளந்து பார்த்து, சரியாக இருந்தால் பழைய கம்பிகளையே புதிய கருவியில் இணைத்துவிடுவார்கள். காறையெலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் இடையே நசுங்கித்தான் பல கம்பிகள் பழுதாகின்றன. உள்ளிருக்கும் உலோக இழை முறிந்தால் மின்தடை ஏறும், மேலுறை கிழிந்தால் இறங்கும். அப்போதும்கூட, ஆண்டுக்கணக்கில் தழும்புத் திசு சுற்றி ஒட்டிக்கொண்ட கம்பியை உருவுவது ஆபத்தானது என்பதால், அதை அங்கேயே விட்டுவிட்டு அருகில் புதியதைச் செலுத்துவதுண்டு. கிருமித்தொற்று என்றால் மட்டும் கதை வேறு: கருவியோடு கம்பிகளையும் முழுமையாக அகற்றியாக வேண்டும். மயக்கமோ, கருவி உள்ள இடத்தில் சிவப்போ வீக்கமோ தெரிந்தால், அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திருக்காதீர்கள்.