தொழிலாளி ஏன் விலகிப் போனார்?

கேள்வி: என் அப்பா தஞ்சோங் பகார் துறைமுகத்தில் வேலை பார்த்த சங்கத்துக்காரர். ‘இடதுசாரின்னா நம்ம ஆளுங்கப்பா’ என்பார். ஐரோப்பாவில் அந்தக் கட்சிகள் இப்போது தேய்கின்றனவே, காலத்துக்கேற்ப மாறாததாலா, மாறியதாலா?
- வாசகர், ஈசூன்

பதில்: ஜெர்மனியின் சமூக ஜனநாயகக் கட்சியைப் பாருங்கள். இரண்டு முறை பெரிதாக மாறியது. ஒன்று தூக்கிவிட்டது, இன்னொன்று கவிழ்த்துவிட்டது.

1959இல் கோடஸ்பெர்க் நகரில் நடந்த கட்சி மாநாட்டில் மார்க்சியத்தைக் கைவிட்டு, சந்தைப் பொருளாதாரத்தை ஏற்றார்கள். துரோகம் என்று கத்தியவர்கள் உண்டு. ஆனால் ஆலைத் தொழிலாளியின் சட்டைப்பையில் யாரும் கைவைக்கவில்லை. 1957இல் 31.8 விழுக்காடாக இருந்த வாக்கு, அக்கட்சிப் பிரதமர் வில்லி பிராண்ட் காலத்தில், 1972இல் 45.8 ஆனது.

அடுத்தது, அதே கட்சியின் பிரதமர் ஷ்ரோடர் செய்த சீர்திருத்தம். அதற்குமுன், வேலையிழந்தவருக்கு முதல்கட்ட உதவி முடிந்தாலும் பழைய சம்பளத்தையொட்டி ஒரு தொகை தொடர்ந்து வரும். 2005 முதல் அது போய், எல்லாருக்கும் ஒரே அளவு: தொடக்கத்தில் மேற்கு ஜெர்மனியில் மாதம் 345 யூரோ, வாடகை தனி. இருபது வருஷம் உழைத்தவரும் நேற்று சேர்ந்தவரும் ஒரே வரிசையில். அதுவும் சேமிப்பைக் கணக்குக் காட்டிய பிறகுதான். வேலையின்மை பிற்பாடு குறைந்தது, உண்மைதான். ஓட்டுப் போட்டவர் மறக்கவில்லை. 2025 தேர்தலில் கட்சிக்குக் கிடைத்தது 16.4 விழுக்காடு. ஆலைகள் குறைந்தது, குடியேற்றச் சண்டை எல்லாம் இதில் உண்டு. ஆனாலும் மாற்றத்துக்கான பில்லைச் சொந்த வாக்காளர் தலையிலேயே கட்டியதுதான் பெரிய அடி என்பேன்.

நம்மூர் சிங்கப்பூரின் கதை வேறு. ஆளும் மக்கள் செயல் கட்சி 1976லேயே, பல நாட்டு இடதுசாரிக் கட்சிகளின் கூட்டமைப்பான சோஷலிஸ்ட் அகிலத்தை விட்டு வந்துவிட்டது (வெளியேற்றப் பேச்சு எழுந்ததும் தானே விலகிக்கொண்டது). ஆனால் பிரச்சினை ஒன்றுதான்: ஆலையும் முதலாளியும் கண்ணுக்குத் தெரியாத உழைப்பாளியை என்ன செய்வது?

என் தம்பி மகன் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பவன். 2025 ஜனவரியில் நடப்புக்கு வந்த இணையத்தள ஊழியர் (கைபேசிச் செயலிவழி வேலை பார்ப்பவர்) சட்டப்படி, 1995 முதல் பிறந்தவர்களுக்குக் கூடுதல் மத்திய சேமநிதிப் (மசேநிதி) பிடித்தம் கட்டாயம், நிறுவனமும் தன் பங்கைக் கட்டவேண்டும். இவன் 97இல் பிறந்தவன். கைபேசியில் வருமானக் கணக்கைக் காட்டி, “கையில வர்றது குறையுது பெரியப்பா” என்று புலம்பினான். வேலையில் அடிபட்டால் இழப்பீடு உண்டு என்றேன். “அது அடிபட்டாதானே” என்றான்.

அப்புறம், “எங்களுக்கும் சங்கம் இருக்கா?” என்று கேட்டான். இருக்கிறது. அவர்களுக்காகப் பேச அதே சட்டம் இடம் தருகிறது. சேரச் சொல்லியிருக்கிறேன், ‘அடுத்த மாசம்’ என்கிறான்.