ஏரிக்குள் ஒரு நடை: தியாகராய நகர் கேள்வி பதில்

ஏரியை வடித்து மனை போட்ட தியாகராய நகரைப் பற்றிச் சனிக்கிழமை மாலை நான் ஆற்றிய உரையையும், ஞாயிறு காலை பனகல் பூங்காவில் தொடங்கி, துரைசாமி சுரங்கப்பாதை வழியாக மேற்கு மாம்பலம் லேக் வியூ சாலையில் முடிந்த நடையையும் ஒட்டி வந்த கேள்விகளுக்கு இங்கே விடை எழுதுகிறேன். நான் நகரமைப்புப் படித்தவன். நில வழக்குகளுக்கு என்னிடம் விடை கிடையாது.

கேள்வி (குரோம்பேட்டை ஆசிரியை): எங்கள் பள்ளி மாணவர்களுக்கு இதைப் போன்ற ஒரு நடையை நடத்த விரும்புகிறேன். எதிலிருந்து தொடங்குவது, ஐயா?

பதில்: கட்டடத்திலிருந்து தொடங்காதீர்கள், அம்மா, தண்ணீரிலிருந்து தொடங்குங்கள். ஒரு தெருமுனையில் அரைப் புட்டித் தண்ணீரைத் தரையில் ஊற்றி, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணுக்குச் சமதரையாகத் தெரிகிற தெருவுக்கும் ஒரு வாட்டம் உண்டு என்பதை எந்த வரைபடத்தையும்விட அது எளிதாகப் புரியவைக்கும். அதன் பிறகு பழைய வீடுகளின் வாசற்படிகளைப் பாருங்கள். மேற்கு மாம்பலத்தில் நாங்கள் நின்ற ஒரு வீட்டுக்குள் தெருவிலிருந்து இரண்டு படி கீழே இறங்கித்தான் போக வேண்டும். தம் சிறுவயதில் அதே வாசலுக்கு மூன்று படி ஏறிப் போனதாக அவ்வீட்டுப் பெரியவர் சொன்னார். வீடு புதையவில்லை, பழைய தளத்தைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே மீண்டும் மீண்டும் தார் போட்டதில் தெருதான் உயர்ந்துவிட்டது. மழை நீர் யார் வீட்டுக்குள் போகும் என்பது அந்த ஐந்து படிக் கணக்கிலேயே இருக்கிறது.

காலை ஆறரைக்குத் தொடங்கி எட்டரைக்குள் முடித்துவிடுங்கள். இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நடத்த வேண்டாம். எவர் வீட்டையும் கேட்காமல் படமெடுக்க விடாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, இருபது பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். இருபத்தொன்றாவது ஆள் நிற்கும் இடம் எப்போதும் வண்டி வரும் பாதையாகத்தான் இருக்கும்.

கேள்வி: இது மரபு நடைதானே? ‘நகர நடை’ என்று பெயரை ஏன் மாற்ற வேண்டும்?

பதில்: மரபு நடையில் நின்று பார்ப்பது கோயில், மாளிகை, கல்வெட்டு. இதில் நின்று பார்ப்பது நடைபாதை, மின்மாற்றி, மழைநீர் வடிகால். முன்பொரு முறை துண்டறிக்கையில் ‘கால்நடைச் சுற்றுலா’ என்று அச்சிட்டுவிட்டு, மாடுகளை எங்கே கட்டுவது என்று கேட்டவருக்குப் பதில் சொல்ல நேர்ந்தது. அதனால்தான் ‘நகர நடை’.

கேள்வி: ரங்கநாதன் தெருவை ஏன் சேர்க்கவில்லை?

பதில்: அந்தத் தெரு மாம்பலம் ரயில் நிலையத்தையும் உஸ்மான் சாலையையும் இணைக்கும் குறுகலான வழி, அதன் வாழ்வே கூட்டத்தில்தான் இருக்கிறது. கூட்டமில்லாத காலை ஏழு மணிக்குப் போனால் இறக்கிய கதவுகளைத்தான் காட்ட முடியும்; கூட்டமுள்ள மாலையில் போனால் இருபது பேரை ஓரிடத்தில் நிறுத்திப் பேச முடியாது. அந்த நெரிசலைப் பற்றிப் பேச வேண்டுமானால், நிலையத்தையும் பேருந்து நிலையத்தையும் இணைத்து 2023இல் திறக்கப்பட்ட, சுமார் 570 மீட்டர் நீளமுள்ள ஆகாய நடைபாதையின் மேல் நின்று பேசலாம். அங்கு இடமும் இருக்கிறது, காற்றும் வருகிறது.

கேள்வி (நூலகர் ஒருவர்): நகரமைப்பைப் பற்றிப் பொதுமக்களிடம் பேசும் வழக்கம் சென்னையில் எப்போது தொடங்கியது?

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த பேட்ரிக் கெடஸ் என்னும் அறிஞர், உலக நகரங்களைப் பற்றிய படங்களையும் வரைபடங்களையும் திரட்டி ஒரு கண்காட்சி அமைத்திருந்தார். அன்றைய ஆளுநர் பென்ட்லண்ட் பிரபுவின் அழைப்பின் பேரில் அதைச் சென்னைக்குக் கொண்டுவரப் புறப்பட்டார். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தருகே எண்ணெய்க் கிடங்கைச் சுட்டு எரித்த எம்டன் என்னும் ஜெர்மன் போர்க்கப்பலை நம் வீடுகளில் இன்றும் மறக்கவில்லை. கெட்டிக்காரப் பிள்ளையை ‘சரியான எம்டன்’ என்று சொல்கிறோம். அதே எம்டன்தான் அடுத்த மாதம், கெடஸின் கண்காட்சிப் பொருட்களை ஏற்றி வந்த ‘கிளான் கிராண்ட்’ கப்பலை மூழ்கடித்தது. கெடஸ் மனம் தளராமல் நண்பர்களின் உதவியோடு வேறொரு தொகுப்பைத் திரட்டச் செய்து, 1915 தொடக்கத்தில் சேப்பாக்கம் செனட் மண்டபத்தில் கண்காட்சியை நடத்திவிட்டார்.

அதன் பிறகு அவர் மாகாணத்தின் பல ஊர்களுக்குச் சென்று சந்து சந்தாக நடந்து, அதன் பிறகே அறிக்கை எழுதினார். நெருக்கமான தெருக்களை இடித்து நேர்சாலை போடும் அன்றைய வழக்கத்தை அவர் ஏற்கவில்லை. சிதைந்த ஓரிரு வீடுகளை மட்டும் அகற்றி, கிடைக்கும் வெளியில் ஒரு மரமும் நாலு பேர் உட்கார ஒரு மேடையும் அமைந்தால் போதும் என்பது அவர் வழி. குளங்களைத் தூர்ப்பதையும் எதிர்த்தார். மலேரியாக் கொசுதான் காரணமென்றால் குளத்தில் மீனும் வாத்தும் விடுங்கள், கொசுப்புழுவை அவை பார்த்துக்கொள்ளும் என்று எழுதினார்.

கேள்வி (நங்கநல்லூர்க்காரர்): அப்படியானால் மாம்பலம் ஏரியை வெள்ளைக்காரன்தானே தூர்த்தான்? அதன் விளைவுதானே 2015 வெள்ளம்?

பதில்: இரண்டு வாக்கியத்திலும் பாதிப் பாதி உண்மை இருக்கிறது. நுங்கம்பாக்கத்திலிருந்து தெற்கே பிறைபோல் நீண்டு கிடந்தது அந்த ‘நீண்ட ஏரி’. மவுண்ட் ரோடு அதன் கிழக்குக் கரையை ஒட்டிச் சென்றது. அந்த ஏரி இன்று பெயர்களில்தான் எஞ்சியிருக்கிறது: நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் சாலையும் லேக் ஏரியாவும், மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ சாலையும். ஆனால் 1920களில் ஏரியை வடித்து மனை போட்டபோது உள்ளாட்சித் துறை இந்திய அமைச்சர் கையில் இருந்தது. ஆட்சியில் இருந்தது நீதிக்கட்சி. அதனால்தான் ஊருக்குத் தியாகராயர் பெயரும் பூங்காவுக்குப் பனகல் அரசர் பெயரும் வந்தன. சட்டம் 1920ஆம் ஆண்டின் சென்னை நகரமைப்புச் சட்டம். பாசனத்துக்காக வெட்டிய ஏரி, அதன் வயல்கள் வீட்டு மனைகளாகிவிட்டால், கணக்குப் பார்ப்பவர் கண்ணுக்கு வெறும் நிலமாகவே தெரியும். அந்தக் கண்ணுக்கு நிறம் கிடையாது.

வெள்ளத்தைப் பொறுத்தவரை, 2015 டிசம்பரில் கரை கடந்தது அடையாறு. 2021 நவம்பரில் தியாகராய நகரில் தேங்கியது அங்கேயே பெய்த மழை; அதை அடையாற்றுக்குக் கொண்டு செல்ல வேண்டிய மாம்பலம் கால்வாயால் கொண்டு செல்ல முடியவில்லை. இரண்டாவதற்குத்தான் ஏரியின் பள்ளம் நேரடிச் சாட்சி.

கேள்வி (மேற்கு மாம்பலம் வாசி): எங்கள் தாத்தா 1930களில் கடன் வாங்கிக் கட்டிய வீட்டில் இருக்கிறோம். ஏரியைத் தூர்த்தது குற்றம் என்றால் நாங்கள் ஆக்கிரமிப்பாளர்களா?

பதில்: இல்லை. அரசு திட்டம் போட்டு விற்ற மனை அது.

கேள்வி (நங்கநல்லூர்க்காரர், மீண்டும்): அப்படியென்றால் யாருமே குற்றவாளி இல்லையா?

பதில்: குற்றவாளியைத் தேடுவதற்காக நான் நடப்பதில்லை, ஐயா. ஆனால் நீங்கள் விடப் போவதில்லை என்பதால் சொல்கிறேன்: 1920களின் திட்டத்தை வகுத்தவர்கள் அகலமான சாலையும், நடுவில் பூங்காவும், பூங்காவிலிருந்து பிரியும் தெருக்களும் வைத்தார்கள், மழை உறிஞ்சத் தோட்டத்தோடு கூடிய தனி வீடுகளைக் கற்பனை செய்தார்கள். அந்தத் தோட்டங்களைச் சிமெண்டால் மூடி அடுக்ககமும் கடையும் கட்டியது அடுத்தடுத்த தலைமுறைகள், அதாவது நாமே. ஏரியை ஒரு முறைதான் வடித்தார்கள்; தோட்டத்தை நாம் அறுபது ஆண்டுகளாக மூடிக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி (மேற்கு மாம்பலம் வாசி): எங்கள் வீட்டில் இன்னும் தென்னை இருக்கிறது.

பதில்: அடுத்த நடையில் உங்கள் வீட்டு வாசலிலும் நிற்போம்.

கேள்வி: ரங்கநாதன் தெருவையும் சேர்க்கலாமே?

பதில்: மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி (சக்கர நாற்காலி பயன்படுத்துபவர்): பாண்டி பஜாரின் புதிய நடைபாதையை எல்லாரும் புகழ்கிறார்கள். உங்கள் கருத்து?

பதில்: 2014இல் மாநகராட்சி ஏற்ற, மோட்டார் வாகனம் சாராப் போக்குவரத்துக் கொள்கையின் வழியில் வந்தது அது, 2019 நவம்பரில் திறந்தார்கள். அந்தத் தெருவில் உங்களால் ஒருவர் துணையின்றிப் போக முடிகிறது என்றால் அந்தப் புகழ் நியாயமானதே. என் குறை அதற்கு வெளியே தொடங்குகிறது. இந்தியச் சாலைகள் குழுமத்தின் 2012 வழிகாட்டுதல் தடையின்றி நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் கேட்கிறது. ஞாயிறன்று பக்கத்துத் தெரு ஒன்றில் அளவு நாடாவை விரித்தோம். நடைபாதை 1.9 மீட்டர், பத்தடி தள்ளி ஒரு மின்பெட்டி, அங்கே 70 சென்டிமீட்டர், அதைத் தாண்டி ஒரு கடையின் சாய்தளம், அங்கே சுழியம். சக்கர நாற்காலிக்கு அந்தச் சுழியம்தான் தெருவின் அகலம். இதில் பூக்காரியைக் குறை சொல்வோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அவர் எழுந்து கூடையை நகர்த்துவார், மின்பெட்டி நகராது.

கேள்வி: புதுச்சேரி வணிகர்கள் வந்ததால் பாண்டி பஜார் என்கிறார்கள். சரியா?

பதில்: நீதிக்கட்சித் தலைவர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் பெயரின் சுருக்கம் என்பாரும் உண்டு. இரண்டையும் ‘சொல்கிறார்கள்’ என்று சொல்லி நிறுத்துங்கள். நடையில் கேட்ட கதை மறுநாளே வரலாறாகிவிடுகிறது.

கேள்வி: எங்கள் வீட்டுப் பட்டாவில் பழைய ஏரிப் புறம்போக்கு என்று வருகிறது. என்ன செய்யலாம்?

பதில்: வட்டாட்சியர் அலுவலகம், பிறகு ஒரு வழக்கறிஞர்.

கேள்வி: உரை கேட்டு என்ன பயன்? திட்டங்களை யாரும் நம்மிடம் கேட்டுப் போடுவதில்லையே.

பதில்: சட்டப்படி கேட்க வேண்டும். 2008இல் வந்த சென்னைப் பெருநகர இரண்டாம் முழுமைத் திட்டம் 2026ஐ இலக்காக வைத்தது. இத்தகைய திட்டங்களின் வரைவை வெளியிட்டு, ஆட்சேபங்களையும் ஆலோசனைகளையும் எழுத்தில் பெற்ற பிறகே இறுதி செய்ய முடியும். ‘வடிகால் சரியில்லை’ என்று எழுதினால் அது கோப்பில் தூங்கும். எந்தத் தெரு, எந்தக் கதவு எண்ணுக்கு எதிரே, எத்தனை சென்டிமீட்டர், எந்தத் தேதியின் மழை என்று எழுதினால் ஒருவர் பதில் எழுதியாக வேண்டும். அளவு நாடா கொண்டுவரச் சொல்வது இதற்காகவே.

கேள்வி: அடுத்த நடை எப்போது? நண்பர்கள் முப்பது பேர் வருகிறோம்.

பதில்: இருபது.

கேள்வி: ரங்கநாதன் தெரு?

பதில்: இல்லை.

கேள்வி (நங்கநல்லூர்க்காரர்): நான் வரலாமா? வாதாட மாட்டேன்.

பதில்: வாதாடலாம், சாலையோரம் நின்று. ஒரு லிட்டர் தண்ணீர் கொண்டு வாருங்கள். பாதி குடிக்க, பாதி ஊற்ற.